கனைத்துவிட்டு வரும் கண்ணாடி

எங்கள் தொழிலில் பி.டி. எடுப்பது என்று ஒரு வேலை உண்டு. இரண்டு கண்பாவைகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது. ஆளை எதிரே உட்கார வைத்து, ஒரு முழம் தள்ளி நான் உட்கார்ந்து, சின்ன ஸ்கேலை அவர் மூக்குத்தண்டில் வைத்து, "என் இடது கண்ணைப் பாருங்க" என்பேன். 60, 62, 64 என்று ஏதாவது வரும். மதுரையில் அப்பா ஆரம்பித்த மூக்குக்கண்ணாடிக் கடை இது. நான் கல்லாவில் உட்கார்ந்தே முப்பது வருடம் ஆகப்போகிறது. முன்பின் தெரியாதவர்களின் கண்ணை ஒரு முழத் தூரத்தில் பார்ப்பதுதான் பிழைப்பு. அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அது தோன்றியது.

பெங்களூரில் வேலை பார்க்கும் பையன், லீவுக்கு ஊருக்கு வந்தவன். தடித்த கறுப்பு ஃபிரேம் ஒன்றைக் கொடுத்து, "அங்கிள், இதுல என் பவரைப் போட்டுத் தருவீங்களா?" என்றான். இரண்டு கண்ணும் மைனஸ் 3.25, கொஞ்சம் சிலிண்டர், அதாவது விழி வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர். கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிட்டது. லென்ஸோடு சேர்த்து சாதாரணக் கண்ணாடி இருபத்தைந்து, முப்பது கிராம் இருக்கும். இது ஐம்பதை ஒட்டி இருந்தது. பக்கக் கைகள் இரண்டும் விரல் பருமன். உள்ளே பேட்டரி, ஸ்பீக்கர், மைக். முன்பக்கம் ஒரு மூலையில் குண்டுமணியை விடச் சின்னதாய் கேமரா, மறு மூலையில் அதே அளவில் விளக்கு. கேமரா படம் எடுக்கும்போது அது எரியும்.

மாட்டிக்கொள்ளச் சொல்லி, டம்மி லென்ஸில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பில் போட உட்கார்ந்திருந்த என் மகள் மெதுவாக, "அப்பா, லைட் எரியுது" என்றாள். எனக்கு அப்போதுதான் அந்த வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் ஏற்கெனவே ஃபிரேம் ஸ்டாண்டுக்குப் பின்னால் நகர்ந்து நின்றிருந்தாள்.

"ஸாரி அங்கிள், கை பட்டு ஆன் ஆயிருச்சு" என்றான் பையன். உண்மையாகத்தான் இருக்கும். அவன் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை. ஆனால் என் மூக்கு முடியும், கண்ணுக்குக் கீழே தொங்கும் பையும் அரை நிமிடம் அவன் போனில் போய் உட்கார்ந்துவிட்டன. அழித்தும் காட்டினான். சரி, அது போகட்டும். ஒரு முழத்தில் இருந்த எனக்குத் தெரியாத புள்ளி, பத்தடி தள்ளி இருந்த மகளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "பஸ்ஸுல, காலேஜுல, எங்க போனாலும் யார் கையில போன் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்த்துட்டேதான்பா இருப்போம்" என்றாள். இந்தப் பயிற்சி எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இதில் என் தொழிலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கண்ணாடி போட்டதே தெரியக் கூடாது என்றுதான் பாதிப் பேர் வருவார்கள். பெண் பார்க்க வரும் நாளுக்காக ரிம்லெஸ் கேட்டவர்கள் எத்தனை பேர்! மெலிசான லென்ஸ், பளபளப்பு அடிக்காத கோட்டிங், மூக்கில் தழும்பு விழாத பேடு என்று கண்ணாடியை மறைப்பதுதான் எங்கள் கைத்திறமை. இப்போது அதே திறமையை கேமராவை மறைப்பதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கூகுள் கிளாஸ் என்ற கேமரா கண்ணாடி வந்தபோது இந்தச் சிக்கல் இல்லை. 2013-இல் 1,500 டாலருக்கு முதலில் மென்பொருள்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வலது கண்ணுக்கு மேலே ஒரு பட்டகம் துருத்திக்கொண்டிருக்கும், தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஒரு மதுக்கடை, இதை மாட்டிக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று அந்த வருடமே அறிவித்தது. போட்டவர்களுக்கு அங்கே ஒரு கெட்ட பட்டப்பெயரும் வைத்தார்கள். 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. அதோடு முடிந்தது என்று எங்கள் தொழிலில் பலர் நினைத்தோம். முடியவில்லை. அந்தத் துருத்தலை மட்டும் எடுத்துவிட்டு, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி வழியாக, நமக்குப் பழகிய ரே-பான் ஃபிரேமுக்குள் கேமரா வந்துவிட்டது. முதல் வடிவம் 2021-இல் வந்தபோது, அந்தச் சின்ன விளக்கு எதிரில் இருப்பவருக்குப் போதுமான எச்சரிக்கைதானா என்று அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தகவல் பாதுகாப்பு அமைப்புகள் கேட்டன. 2023-இல் வந்த அடுத்த வடிவத்தில் விளக்கைப் பெரிதாக்கினார்கள். அதை மூடினால் கேமரா எடுக்காது என்றும் செய்தார்கள். 2025 மே மாதம் அது இந்தியாவுக்கு வந்தது, ஆரம்ப விலை 29,900 ரூபாய். எங்கள் கடையில் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒன்றாகவே உதவும் நல்ல புரோகிரசிவ் லென்ஸ் போட்டு, பிராண்ட் ஃபிரேமும் எடுத்தால் சில சமயம் அந்த விலையைத் தொட்டுவிடும். அதாவது, இது இனி பணக்கார வீட்டு விளையாட்டுச் சாமான் இல்லை.

இந்த ரே-பான் கண்ணாடியில் படம் எதுவும் தெரியாது. அது பார்க்கும், கேட்கும், காதில் பேசும், அவ்வளவுதான். கண் முன்னே எழுத்தும் படமும் மிதப்பதுதான் நிஜமான ஆக்மென்டட் ரியாலிட்டி. அது ஏன் இவ்வளவு காலம் இழுக்கிறது என்று கண்ணாடிக் கடைக்காரனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வான். சுண்டுவிரலைக் கண்ணுக்கு ஒரு அங்குலம் முன்னால் வைத்துப் பாருங்கள். ரேகை தெரிகிறதா? தெரியாது. அவ்வளவு கிட்டத்தில் எந்தக் கண்ணாலும் குவிக்க முடியாது. லென்ஸின் மேல் எழுத்தை எழுதி வைத்தால் அழுக்கு மாதிரிதான் தெரியும். அதனால் பக்கக் கையில் ஒரு குட்டி புரொஜெக்டரை வைத்து, அதன் ஒளியை லென்ஸுக்குள்ளேயே பட்டுப் பட்டு ஓடவிட்டு, கடைசியில் கண்ணின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். எழுத்து எங்கோ தள்ளி நிற்பது போலக் கண் ஏமாறுகிறது. 2025 செப்டம்பரில் மெட்டா அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்க ஆரம்பித்த கண்ணாடி இப்படித்தான் வேலை செய்கிறது. வலது கண்ணுக்கு மட்டும் படம், எடை 69 கிராம். பவர் மைனஸ் 4-இலிருந்து பிளஸ் 4 வரைதான். என்னிடம் வருகிறவர்களில் மைனஸ் 8 உண்டு, 10 உண்டு. எதிர்காலத்தின் வாசலில் அவர்கள் இப்போதைக்குச் செருப்பைக் கழற்றாமல் நிற்க வேண்டியதுதான்.

இதெல்லாம் வெட்டி வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயரே 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில், ஒயரிங் வேலையை எளிதாக்க முயன்றவர்களிடம் பிறந்ததுதான். பல வருடம் கழித்து அதே ஒயரிங் வேலைக்கு கூகுள் கிளாஸைக் கொடுத்துப் பார்த்ததில் நேரம் 25 சதவீதம் குறைந்தது என்று போயிங் சொன்னது. இரண்டு கையிலும் ஒயரைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தைப் புரட்ட மூன்றாவது கை கிடைத்த மாதிரி. 2013-லேயே சென்னையில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் கூகுள் கிளாஸை மாட்டிக்கொண்டு, தான் செய்த சிகிச்சையை மாணவர்களுக்கு நேரலையில் காட்டினார். இந்த இடங்களிலெல்லாம் எதிரில் இருப்பது ஒயர், அல்லது முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நோயாளி. தகராறு தெருவில்தான்.

அப்புறம் என் தமிழ் ஐயா இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்தவர். வயது எழுபத்தைந்து ஆகிறது. கண் நீர் அழுத்தம், கவனிக்காமல் விட்டு, இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய், பிறகு நடுப் பார்வையும் போய், இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். கடைசியாக அவருக்கு லென்ஸ் மாற்றியது எட்டு வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு என் கடையில் அவருக்கு விற்க ஒன்றுமில்லை. ஆனாலும் வாரம் ஒரு முறை வந்து உட்கார்வார். காபி சாப்பிடுவார், என் தமிழைத் திருத்துவார்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்கு இப்படி ஒரு கண்ணாடி வாங்கி அனுப்பினான். அதனுடன் அவர் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது. நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த மனிதர், கடைவாசலில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து, "வாட் இஸ் இன் ஃபிரன்ட் ஆஃப் மீ?" என்று கேட்பது முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை. மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறார், அது பெயரைப் படிக்கிறது. கரன்ட் பில் எவ்வளவு என்று சொல்கிறது. கதவு திறந்திருக்கிறதா என்று சொல்கிறது. ஒரு தடவை 50 மில்லிகிராம் மாத்திரையை 500 என்று படித்தது. அன்றிலிருந்து இரண்டு தடவை கேட்கிறார், சந்தேகமாக இருந்தால் என்னிடம் கொண்டுவருகிறார். போனில் 'பி மை ஐஸ்' செயலியும் வைத்திருக்கிறார். டென்மார்க்கில் 2015-இல் ஒருவர் தொடங்கியது, அவருக்கும் பார்வை குறைவு. பார்வையுள்ள யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு. "மனுஷன் தப்பாப் படிச்சா திட்டலாம்ப்பா. இதைத் திட்டினா மன்னிப்புக் கேட்குது, அதான் தாங்கல" என்பார்.

ஐயாவுக்கு ஒரு குறை உண்டு. எதிரில் வருவது யார் என்று அது சொல்வதில்லை. "ஒரு ஆள் நிற்கிறார், நீலச் சட்டை" என்ற மட்டோடு நிறுத்திக்கொள்ளும். தெருவில் போகும்போது யாராவது வணக்கம் சொன்னால், குரலைப் பிடித்துப் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் ஆள் போய்விடுகிறார். "பேரைச் சொல்ற கண்ணாடி வந்தா என் பென்ஷன்ல பாதியைத் தந்துர்றேன்" என்றார்.

அப்படிப்பட்ட கண்ணாடியைச் செய்ய முடியாமல் இல்லை. 2024-இல் ஹார்வர்டு மாணவர்கள் இரண்டு பேர் செய்தே காட்டினார்கள். கடையில் கிடைக்கும் கேமரா கண்ணாடி, இணையத்தில் முகத்தை வைத்துப் படம் தேடும் ஒரு சேவை, கொஞ்சம் மென்பொருள். ரயிலில் எதிரில் வந்தவரின் பெயரும் விவரமும் போனில் வந்து நின்றன. இது எவ்வளவு சுலபம் என்று எச்சரிக்கத்தான் செய்தோம் என்று சொல்லி, அந்த மென்பொருளை அவர்கள் வெளியிடவில்லை. சீனாவில் இது 2018-லேயே ஆயிற்று. ஜெங்ஜோ ரயில் நிலையத்தில் போலீஸ்காரர்கள் முகம் அடையாளம் காணும் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றார்கள். ஐயா கேட்பதும் அதே கண்ணாடிதான். நான் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு ஊர்ல இருக்கிற எல்லார் பேரும் வேண்டாம்ப்பா. எனக்குத் தெரிஞ்ச ஒரு அறுபது, எழுபது பேர். அவங்கவங்க சம்மதிச்சா போதும்" என்றார். யாராவது கம்பெனிக்காரர் இதைப் படித்தால் இந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளட்டும், ஐயா காசு கேட்கமாட்டார்.

பெங்களூர்ப் பையனிடம் திரும்புகிறேன். லென்ஸ் வந்ததும் கூப்பிட்டேன். வழக்கமான பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் சூடு காட்டி இளக்கி லென்ஸை உட்கார வைப்போம். பேட்டரி இருக்கும் சாமானுக்குச் சூடு காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஓரத்தைக் கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகத் தேய்த்து, கையால் அழுத்தி உட்கார வைத்தேன். மூன்று நாள் வேலை. போட்டுப் பார்த்துவிட்டு சந்தோஷமாக, "அங்கிள், இன்னொரு சின்ன வேலை. இந்த லைட்டை மட்டும் சாகடிக்க முடியுமா?" என்றான்.

ஏன் என்றேன். ரோட்டோரக் கடைகளில் சாப்பிடுவதை வீடியோ எடுத்துப் போடுகிறானாம். "லைட் எரிஞ்சதும் பரோட்டா மாஸ்டர் நடிக்க ஆரம்பிச்சுர்றார் அங்கிள். இயல்பா வர மாட்டேங்குது."

அவன் சொன்ன காரணம் கெட்ட காரணம் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவன் வந்து கேட்டிருந்தால் துரத்தியிருப்பேன். அமெரிக்காவில் 60 டாலர் வாங்கிக்கொண்டு இந்த விளக்கை அணைத்துக் கொடுக்கும் ஆள் இருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. அங்கே முடிந்தது இங்கே என் மேசையிலும் முடியும், கையில் சின்ன ஸ்குரூ டிரைவர் செட்டு இருக்கிறது. முடியாது என்றேன். "தெரியாதா, மாட்டீங்களா?" என்றான். மாட்டேன் என்றேன்.

பையன் கெட்டிக்காரன். கோபப்படவில்லை. தலைக்கு மேலே கையைக் காட்டினான். "உங்க சிசிடிவி என்னை எடுக்குதே, கேட்டுட்டா எடுக்கிறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அது சுவரில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, உன் பின்னாலேயே வீட்டுக்கு வருவதில்லை, பதினைந்து நாளில் அழிந்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்டுவிட்டு எடுக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த நாள் வாசலில் 'கேமரா உள்ளது' என்று பலகை மாட்டினேன். கண் பரிசோதனை அறையின் பக்கம் திரும்பியிருந்த ஒன்றைக் கழற்றினேன். அதை எதற்கு அங்கே வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீலாக இருக்கும் தம்பி மகனிடம் கேட்டேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். பெண்களை அந்தரங்க நிலையில் படம் பிடித்தால் தண்டனை உண்டு. ஆனால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி ஆள் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதற்குப் பொருந்தாது. அதாவது என் கடையில் என் மகளைத் தற்செயலாக எடுத்துத் தன் போனில் வைத்திருக்கும் ஆளை அந்தச் சட்டம் தொடாது.

நான் அதிகம் யோசிப்பது வேறு ஒரு விஷயம். போன் என்றால் பையில் போடு என்று சொல்லலாம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018-லிருந்து போனுக்குத் தடை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அதையே சொன்னது. சரி, மைனஸ் 6 பவர் போட்ட கேமரா கண்ணாடியை என்ன செய்வது? டோக்கன் வாங்கி ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால் அம்மன் பச்சையாக ஒரு கலங்கலாகத்தான் தெரிவாள். 2025 ஜனவரியில் அயோத்தியில், ஜூலையில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில், கேமரா கண்ணாடியோடு உள்ளே போனவர்களைப் பிடித்த செய்திகளைப் படித்தேன். பரீட்சை ஹால், ஆஸ்பத்திரி வார்டு, சினிமா தியேட்டர் எல்லாவற்றிலும் இதே கேள்வி நாளைக்கு வரும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் மேன் பல வருடங்களாகக் கணினிக் கண்ணாடியைத் தலையோடு பொருத்தியே வாழ்கிறவர். 2012-இல் பாரிஸில் ஓர் உணவகத்தில் ஊழியர்கள் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள் என்று எழுதினார். டாக்டர் கடிதத்தைக் காட்டியும் கேட்கவில்லையாம்.

பவர் போட்டுக் கொடுக்கிறவன் நான். கழற்ற முடியாத கேமராவாக அதை ஆக்குவதும் நான்தான். அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கண்ணாடிக்கு பவர் கேட்டால், அதே பவரில் சாதாரணக் கண்ணாடி ஒன்றும் வைத்திருக்கிறார்களா என்று கேட்பேன். இல்லை என்றால் அதையும் செய்துகொள்ளச் சொல்வேன். வியாபாரத் தந்திரம் என்று மகள் கேலி செய்கிறாள். அதுவும் கொஞ்சம் இருக்கிறது. பையன் ஒன்று வாங்கிக்கொண்டான், 900 ரூபாய் ஃபிரேம்.

ஐயாவுக்கு வேறு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டில் பெண்டுகள் புழங்கும் பக்கம் போகும்போது ஆண்கள் வாசலிலேயே கனைத்துவிட்டு நுழைவார்கள் இல்லையா, என் தாத்தாவின் கனைப்பு தெருவுக்கே கேட்கும். ஐயாவும் இப்போது எந்த வாசலில் ஏறினாலும் ஒரு கனைப்பு, கூடவே "கண்ணாடி போட்டிருக்கேன்" என்று ஒரு அறிவிப்பு. அந்த வெள்ளைப் புள்ளி எரிகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, பாவம். அதனால் வாயால் சொல்கிறார். என் மகள் அவர் வந்தால் நகர்வதில்லை.

போன வாரம் வந்தவர், மூக்கில் நழுவுகிறது என்று கழற்றிக் கொடுத்தார். சரிசெய்துவிட்டு, பிடிப்பு சரிதானா என்று நானே மாட்டிப் பார்த்தேன். முதல் தடவை. பவர் இல்லாத லென்ஸ், கடை அப்படியே தெரிந்தது. எதிரில் ஐயா, என் முகம் இருக்கும் திசையைக் கொஞ்சம் தவறவிட்டு, சிரித்துக்கொண்டிருந்தார்.

"போட்டிருக்கியா? கேளு, எதிர்ல என்ன இருக்குன்னு."

கேட்டேன். காதில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. வயதான ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, நரைத்த குறுந்தாடி, பின்னால் வரிசையாகக் கண்ணாடிகள். அப்படியே தமிழில் ஐயாவிடம் சொன்னேன்.

தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "குறுந்தாடியா? நாலு நாளா சவரம் பண்ணலப்பா. அதைப் போய்..." என்றவர், கண்ணாடியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.